மோதிரம் மட்டும் உள்ளே போகலாம்

ஒக்லாந்துக்குப் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், எரிமலைக் குன்றுகளைப் பார்ப்பார்கள். என்னைப் பால் பார்க்க அனுப்பினார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் பரிசோதகராக இருந்தேன். ஊரில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. காலையில் புறப்பட்ட பால் வண்டி எப்போது வந்து சேரும் என்பது வண்டிக்காரருக்கே தெரியாது. வந்து சேரும்போது கலனுக்குள் இருப்பது பாலா தயிரா என்பது எனக்கும் தெரியாது. இந்த இலட்சணத்தில் இருந்த என்னை, விடிய முன்னம் வாசலில் பால் போத்தல் வைக்கும் ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பிய அதிகாரியின் பகிடியை நான் இன்றும் மெச்சுகிறேன்.

தாலிக்கொடியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவ்வளவு பவுணைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அத்தனை சாவடிகளைத் தாண்டுவது புத்தியில்லை என்றார் என் கணவர். அந்தக் கயிறு நியூசிலாந்தில் ஒரு வழக்காகும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

முதல் நாள் காலை விடுதிச் சமையலறைக்குள் போனபோது அடுப்படியில் ஒரு பெண் பால் காய்ச்சிக்கொண்டு நின்றாள். நல்ல உயரம். மழித்த தலை. தோளில் முடிந்த சிவப்புத் துணி, அதன்மேல் இன்னொரு சிவப்புத் துணி. கழுத்தைச் சுற்றி வெள்ளையும் நீலமும் செம்மஞ்சளுமாக மணி கோத்த தட்டையான வளையங்கள், அடுக்கடுக்காக. அவள் திரும்பும்போது அவை கூடவே எழும்பித் தாழ்ந்தன. காதுச் சோணைகள் வளர்ந்து தோளைத் தொட்டன. அவற்றிலிருந்து மணித் தோல்வார்களில் பித்தளைச் சுருள்கள் தொங்கின. காலில் மோட்டார் டயரில் வெட்டிய செருப்பு.

ஏதோ விழாவுக்குப் புறப்பட்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். என் சேலையைப் பார்த்து அவளும் அப்படித்தான் நினைத்தாளாம். இது எங்கள் தினசரி உடுப்புத்தான் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லி முடிக்கப் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அவள் பெயர் நாசேரியன். கென்யாவின் தெற்குப் புல்வெளிகளில் இருக்கும் மசாய் இனத்தவள். மசாய்களில் மாட்டை மேய்ப்பது ஆண்கள், பாலைக் கறந்து ஆள்வது பெண்கள். அவளுடைய பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு பால் சங்கம் வைத்திருந்தார்கள். மிஷன் பள்ளியில் படித்த ஆங்கிலம் அவளுக்கு, கொன்வென்டில் படித்த ஆங்கிலம் எனக்கு. இரண்டும் நன்றாகப் பொருந்தின. எங்கள் இருவருக்கும் விளங்காதது நியூசிலாந்துக்காரரின் ஆங்கிலம் மட்டுந்தான்.

இந்த ஊர்ப் பாலில் வாசனையே இல்லை என்பது அவளுடைய முதல் முறைப்பாடு. அவர்கள் பால் வைக்கும் சுரைக்குடுவையை எரிந்த குச்சியால் தேய்த்துப் புகை பிடித்துத்தான் பால் ஊற்றுவார்களாம். கையோடு ஒரு சின்னக் குடுவை கொண்டுவந்திருந்தாள். மறுநாள் தோட்டத்தில் பொறுக்கிய குச்சியை அடுப்பில் எரித்துக் குடுவைக்குள் விட்டபோது சமையலறை முழுக்கப் புகை. விடுதிக் காப்பாளர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். எங்கள் ஊரில் சாம்பிராணிப் புகையைத் தலைக்குக் காட்டுவோம், கைக்குழந்தைக்குக் காட்டுவோம், பாலுக்குக் காட்டுவதில்லை என்று நான் சொன்னேன். "அதனால்தான் உங்கள் பால் கெட்டுப்போகிறது" என்றாள். சோதனைச் சாவடியைப் பற்றி அவளுக்கு நான் அப்போது சொல்லியிருக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் நாங்கள் நல்ல சோடி. ஆட்டிறைச்சி, அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பட்டாணி, அவித்த பூசணி. உப்பு எட்டிக்கூடப் பார்க்காத சமையல். நான் ஹோர்லிக்ஸ் போத்தலில் கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தூவினேன். அவளும் ஒரு சிட்டிகை வாங்கித் தூவி, கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டு முடித்தாள், விட்டுக்கொடுக்கவில்லை. பொரித்த மீன் வந்த அன்று மட்டும் தட்டைத் தள்ளிவிட்டாள். மசாய்கள் மீனைத் தொடமாட்டார்களாம். அவளுடைய பங்கையும் நான் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்றபோது என் பங்கு இறைச்சி அவளுக்குப் போனது.

ஒரு பின்னேரம் குயின் தெருவுக்குப் போனோம். கடற்காற்று என் சேலைத் தலைப்பைக் கொடியாக்கியது. அவள் விடுதிக் கட்டிலில் கிடந்த சிவப்புக் கோடு போட்ட கம்பளியைத் துணிக்குமேல் போர்த்திக்கொண்டு வந்தாள். எது மசாய், எது நியூசிலாந்து என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஸ் தரிப்பில் நின்ற ஒரு முதியவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "நீங்கள் இருவரும் ஒரே நடனக் குழுவா?"

நாசேரியன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கந்தோர் விட்டு ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே உத்தியோகம் பார்க்கும் ஆண்களில் பலர் கழுத்தில் டை கட்டி, முழங்காலுக்கு மேலே அரைக் காற்சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட நீளக் காலுறையும் போட்டிருப்பார்கள். அந்தக் குளிரில் முழங்கால் மட்டும் சிவந்து தெரியும். அவள் அவர்களைக் காட்டி முதியவரிடம் கேட்டாள்: "இது உங்கள் பாரம்பரிய உடையா?"

முதியவர் கொஞ்சம் யோசித்து, "ஆமாம், அப்படித்தான் போலிருக்கிறது" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆலைக்குப் போனோம். நகரத்துக்குத் தெற்கே, பெரிய பால் ஆலை. பயிற்சியில் முக்கியமான பகுதியே இதுதான். ஆலைத் தளத்தில் நின்று பால் சூடாக்குவதும் சீஸ் உறையவைப்பதும் கையால் செய்து காட்டினால்தான் சான்றிதழ். தள மேற்பார்வையாளர் நெவில் வாசலில் நின்றார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அண்மையில் எதனாலோ இளைத்தவர்போலச் சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. பேசும்போதெல்லாம் பெருவிரலால் தன் கல்யாண மோதிரத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

சுவரில் பலகை. மணிக்கூடு, காப்பு, சங்கிலி, தோடு எதுவும் உள்ளே கூடாது. கல் பதிக்காத கல்யாண மோதிரம் மட்டும் விதிவிலக்கு. கூட வந்தவர்கள் மணிக்கூடுகளையும் சங்கிலிகளையும் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். நாங்கள் இருவரும் நின்றோம்.

"பாலுக்குள் ஏதாவது விழுந்தால் அன்றைய பால் முழுவதையும் கொட்டவேண்டும்" என்றார் நெவில். நியாயமான பேச்சு. அதை நானும் ஊரில் நாள்தோறும் சொல்லுகிறேன்.

நாசேரியன் தன் காதுச் சுருள்களைத் தொட்டாள். "இது என் கணவர் வீட்டில் போட்டது. அவர் உயிரோடு இருக்கும்வரை கழற்றக் கூடாது."

நான் பிளவுசுக்குள் இருந்து மஞ்சள் கயிற்றை எடுத்துக் காட்டினேன். "இதுவும் அதேதான்."

பயிற்சிக்குப் பொறுப்பாக எங்களோடு வந்த பார்பராவுக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல பெண்மணி, சச்சரவு என்றால் பயம். எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நேரத்துக்குத்தானே. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

"நான் பார்ப்பேன்" என்றாள் நாசேரியன்.

அன்று முழுவதும் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்தோம். திங்கட்கிழமைதான் கடைசி வாய்ப்பு, விதிப்படி வந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று பார்பரா சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாசேரியன் தன் நிலைமையைச் சொன்னாள். ஒரு உதவி நிறுவனம் அவர்களுடைய சங்கத்துக்குப் பால் குளிரூட்டும் தொட்டி ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தது. பயிற்சிச் சான்றிதழோடு சங்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. தொட்டி வராவிட்டால் மாலையில் கறக்கும் பாலை விற்க வழியில்லை, கொட்டவேண்டியதுதான். சான்றிதழ் இல்லாமல் ஊர் போனால் பெண்கள் ஒன்றும் சொல்லமாட்டார்களாம். காதில் சுருள் இல்லாமல் போனால் சொல்லுவார்களாம். இரண்டையும் எப்படிக் கொண்டுபோவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் பதவி உயர்வு போகும். போனால் போகட்டும். எனக்கு வேறு கோபம் இருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் ஒரு பஸ்ஸுக்குள் நான் பொட்டை அழித்தேன், தாலியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். கூட நின்ற சிங்களப் பெண் ஒருத்தி என்னைத் தன் தங்கை என்று சொல்லி வீடுவரை கொண்டுவந்து விட்டாள். உயிர் தப்பியது. வீட்டுக்குள் வந்து தாலியைத் திரும்பக் கட்டும்போது, இனி இன்னொருவர் சொல்லி இதைக் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன். நெவில் கத்தியோடு நிற்கவில்லை, வெறும் பலகையோடுதான் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். பலகைக்கே பணிந்தால் நான் எடுத்தது என்ன முடிவு?

சனிக்கிழமை த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் இருக்கும் என் மச்சாள் வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். போனேன் என்று சொல்வது எளிது. பிழையான பஸ்ஸில் ஏறிப் பிளாக்ஹவுஸ் பேயில் இறங்கினோம். மத்தியானத்தோடு கடைகள் எல்லாம் பூட்டு, தெருவில் நாய்கூட இல்லை. திறந்திருந்தது ‘டெயரி’, அதாவது பால்கடை, என்று பலகை போட்ட ஒரேயொரு கடை. பாலைக் கரைத்துக் குடித்த இருவருக்கும் அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டதும் மனம் குளிர்ந்தது. உள்ளே போனால் இனிப்பு, பத்திரிகை, சிகரெட். பால் ஒரு மூலையில். அந்த ஊரில் பெட்டிக்கடைக்கே அதுதான் பெயராம். கடைக்கார அம்மா எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே தொலைபேசியைத் தூக்கித் தந்தா. மச்சாளின் கணவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

மச்சாள் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறைத் தாதி. வந்து குடியேறிப் பல வருடம். எங்களுக்காக இடியப்பமும் சொதியும் வைத்திருந்தா. நாசேரியன் சொதியை ருசி பார்த்துவிட்டு இது எந்த மாட்டுப் பால் என்று கேட்டாள். தென்னை மரத்தின் பால் என்றேன். பிறகு இரண்டாம் முறையும் வாங்கினாள். மச்சாளின் சின்ன மகள் அவள் மடியில் ஏறி மணி வளையங்களை எண்ணத் தொடங்கிவிட்டாள். தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்லும் பிள்ளை, மணியை மட்டும் ஒன்று இரண்டு என்று தமிழில் எண்ணியது.

நான் ஆலைக் கதையைச் சொன்னேன். மச்சாள் தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தா.

"இந்தாங்கோ மச்சாள். இதைப் போட்டுக்கொண்டு போங்கோ. தாலியைக் கழட்டி என்னட்டைத் தாங்கோ, பத்திரமாய் வைச்சிருக்கிறன். நானும் இஞ்சை வந்த கையோடை கழட்டி லொக்கரிலை வைச்சனான். ஊரோடை ஒத்துப் போகவேணும்."

"எனக்கு வேண்டாம்."

"உதென்ன பிடிவாதம்? பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிக்கிறியள். நான் கழட்டினனான். அதாலை என்ன கெட்டுப்போனன்?"

"ஒண்டும் கெட்டுப்போகேல்லை. நீங்களாய் யோசிச்சு, நீங்களாய்க் கழட்டினனீங்கள். என்னை ஒருத்தன் வாசல்லை மறிச்சுக் கழட்டு எண்டுறான். அவன்ரை மனிசி போட்ட மோதிரம் உள்ளுக்குப் போகலாமாம், என்ரை மனுசன் கட்டினது போகக்கூடாதாம். அதைத்தான் நான் கேக்கிறன்."

மச்சாள் மோதிரத்தை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டா. பிறகு எழும்பிப் போய் ஒரு பழைய வெள்ளைக் கட்டில் விரிப்போடு வந்தா.

"எங்கடை ஒப்பரேஷன் தியேட்டரிலை தாடி வைச்ச டொக்டர்மாருக்கு ஒரு தொப்பி இருக்கு. தலை, காது, தாடி, கழுத்து எல்லாத்தையும் மூடும், கண்ணும் மூக்கும் மட்டுந்தான் வெளியிலை தெரியும். வயித்தைத் திறந்து வைச்சிருக்கிற இடத்திலேயே அந்தத் தாடி போகலாமெண்டால், சீஸ் சட்டிக்குப் பக்கத்திலை உவவின்ரை காது போகாதோ? கழட்டாட்டி விடுங்கோ, மூடுங்கோ."

பின்னேரம் முழுவதும் தையல் மெஷின் ஓடியது. இரண்டு தொப்பிகள், கழுத்தில் இறுக்கிக் கட்ட நாடா வைத்து. நாசேரியன் தன் சுருள்களை மடித்துத் தலையோடு வைத்துத் துணியால் கட்டி, அதன்மேல் தொப்பியைப் போட்டுக் குனிந்தாள், குதித்தாள், தலையை உதறினாள். ஒரு மணிகூட விழவில்லை. மசாய்கள் குதிப்பதில் பேர்போனவர்கள் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். மச்சாள் வீட்டு மின்விளக்கு அருந்தப்பில் தப்பியது.

திங்கட்கிழமை. சேலையை முழங்காலுக்கு மடித்துச் செருகி, அதன்மேல் ஆலையின் வெள்ளை ஓவரோலை மாட்டினேன். நாசேரியன் சிவப்புத் துணி இரண்டையும் கழுத்து வளையங்களையும் ஓவரோலுக்குள் திணித்தாள். ரப்பர் சப்பாத்து, தொப்பி, நாடா. இரண்டு தலையணைகள் நடந்து வருவதுபோல் வாசலுக்கு வந்தோம்.

நெவில் எங்களைச் சுற்றிவந்து பார்த்தார். நாடாவை இழுத்துப் பார்த்தார். "தையல் அருமை. ஆனால் உள்ளே போட்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியுமே. பலகையில் உள்ளது உள்ளதுதான்."

"பலகையில் மோதிரம் போகலாம் என்று இருக்கிறது" என்றேன். "ஏன்?"

"அது விரலை விட்டுக் கழலாது."

தளத்துக்குள் போகுமுன் எல்லோரும் கை கழுவவேண்டும். வாசலிலேயே தொட்டி, சவர்க்காரம். நாசேரியன் குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "நீங்கள் முதலில் கழுவுங்கள்" என்றாள். "முழங்கை வரை. எங்களுக்கு வெள்ளிக்கிழமை சொல்லித் தந்தீர்களே, அதேபோல."

அவர் சிரித்துக்கொண்டே கழுவினார். நுரை பொங்கியது. கையை உதறினார். மோதிரம் கழன்று தொட்டிக்குள் விழுந்து, ணங்கென்று சத்தம் போட்டபடி சுற்றிச் சுற்றிப் போய்த் தண்ணீர் இறங்கும் துவாரத்தின் விளிம்பில் நின்றது. அவர் பாய்ந்து பிடித்தார்.

பார்பரா கூரையைப் பார்த்தார். நான் தொப்பி நாடாவைத் தளர்த்தி, தாலிக் கயிற்றை வெளியே எடுத்து நீட்டினேன். "இழுத்துப் பாருங்கள். மூன்று முடிச்சு."

அவர் இழுக்கவில்லை. உள்ளங்கையில் இருந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் மனைவி இதைச் சிறிதாக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்றார், யாருக்கென்றில்லாமல். பிறகு ஓவரோலைத் திறந்து, மோதிரத்தை உள்சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். ஓவரோலையும் கழுத்துவரை பூட்டினார்.

"மூடியிருந்தால் போகலாம்" என்றார். "மூவரும்."

கதவைத் திறந்து பிடித்தார். அன்று முழுவதும் நாங்கள் பால் சூடாக்கினோம், உறையவைத்தோம், வெட்டினோம், கிளறினோம். வியர்வையில் மஞ்சள் கயிறு என் பிளவுசில் சாயம் விட்டது. நாசேரியன் கிளறிய சீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெவில் தலையாட்டினார்.

வேலை முடியும் தறுவாயில் ஆலைச் சஞ்சிகைக்குப் படம் எடுக்க ஒரு இளைஞர் கமராவோடு வந்தார். மசாய்ப் பெண் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு எங்களைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது.

"அந்தத் தொப்பியைக் கழற்றுங்கள். ஒரேயொரு படம். மணிகள், காதுகள் எல்லாம் தெரியவேண்டும்."

நாசேரியன் சுவர்ப் பலகையைக் காட்டினாள்.

அவர் நெவிலைப் பார்த்தார். "தளத்துக்குள் தொப்பி கழற்றக்கூடாது" என்றார் நெவில். குரலில் என்ன ஒரு கண்டிப்பு.

"அப்படியானால் வெளியே முற்றத்தில்?"

"வெள்ளிக்கிழமை என் மணிகள் வேண்டாம் என்றீர்கள்" என்றாள் நாசேரியன். "இன்றைக்கு எனக்கு வேண்டாம். குயின் தெருவில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சும்மாதான் நடந்தேன். அப்போது வந்திருக்கலாம். இப்போது நான் சீஸ் செய்துகொண்டிருக்கிறேன். அதை எடுங்கள்."

அவர் அதைத்தான் எடுத்தார். வேறு வழியில்லை.

சான்றிதழ் இருவருக்கும் கிடைத்தது. விமான நிலையத்தில் அவள் சிவப்புத் துணியும் மணிகளும் சுருள்களுமாக, டயர்ச் செருப்பு தரையில் தட்ட, சான்றிதழைக் கையில் விரித்துப் பிடித்தபடியே நடந்துபோனாள். எல்லோரும் வழிவிட்டார்கள்.

நான் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் அந்தப் படம் தபாலில் வந்தது. கந்தோரில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பெரிய சீஸ் தொட்டி, அதன் இரண்டு பக்கமும் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய இரண்டு வெள்ளை மூட்டைகள். எங்கள் கிளார்க் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"மசாய்ப் பொம்பிளை எங்கை அக்கா?"

"வலப்பக்கம் நிக்கிறா."

"அப்ப அவவின்ரை சிவப்பு உடுப்பு, மணி, காதிலை போடுறது?"

"உள்ளுக்கை கிடக்கு."

"உங்கடை சீலை, தாலி?"

"அதுவும் உள்ளுக்கைதான்" என்றேன். "ஒண்டையும் வாசல்லை விட்டிட்டுப் போகேல்லை."